கிறிஸ்துமஸ் தாத்தாவின் பூர்வீகம்: அரைப் பக்கக் குறிப்பைச் சரிபார்க்க உதவி தேவை

நெய்தல்வாசி | 17 நவம்பர் 2025, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பங்கின் மாத இதழில் டிசம்பருக்கான அரைப் பக்கம் என் தலையில் விழுந்திருக்கிறது. "கிறிஸ்துமஸ் தாத்தா உண்மையில் யார்?" என்பது தலைப்பு. பதினொரு ஆண்டுகளாகக் கேரல் ஊர்வலத்தில் அந்தச் சிவப்பு அங்கியை மாட்டிக்கொண்டு ஆடுபவன் நான்தான். எங்கள் கடற்கரை ஊரில் டிசம்பர் இரவிலும் வேர்க்கும். பஞ்சுத் தாடி நனைந்து வாயோடு ஒட்டிக்கொள்ளும். மிட்டாய்ப் பை காலியானதும் பிள்ளைகள் அங்கியைப் பிடித்து இழுப்பார்கள். இத்தனை பாடுபட்டவனுக்கு எழுதவும் உரிமை உண்டு என்று பங்குத்தந்தை நினைத்தாரோ என்னவோ.

மறைக்கல்வி வகுப்பில் பல ஆண்டுகளாக நான் சொல்லிவரும் செய்திகளையே சுருக்கி எழுதியிருக்கிறேன். தவறு இருந்தால் சொல்லுங்கள். 28ஆம் தேதி அச்சுக்குப் போகிறது.

"புனித நிக்கோலாஸ் கி.பி. 270இல் இன்றைய துருக்கியிலுள்ள பத்தாராவில் எப்பிபானியுஸ், நோன்னா தம்பதியருக்குப் பிறந்தார். மீரா நகரின் ஆயர் (பிஷப்) ஆனார். 325இல் ஆயர்கள் கூடிய நீசேயா பொதுச்சங்கத்தில், திருச்சபை ஏற்காத கொள்கை சொன்ன பதிதனான ஆரியுஸைக் கன்னத்தில் அறைந்தார். ஓர் ஏழையின் மூன்று பெண்களுக்காகப் புகைபோக்கி வழியே பொற்காசு போட்டார். அது காயப்போட்டிருந்த காலுறைக்குள் விழுந்தது. 343 டிசம்பர் 6இல் இறந்தார். 1969இல் திருச்சபை இவரைப் புனிதர் பட்டியலிலிருந்து நீக்கியது. இவருக்குச் சிவப்பு உடை கொடுத்தது கோகோ கோலா நிறுவனம்."

கறுப்புக்காப்பி | 17 நவம்பர், இரவு 10.05

எட்டு வாக்கியங்களில் ஆறு பிழை. ஒரு புனிதர் செய்யக்கூடிய அற்புதம்தான் இது.

ஓலைச்சுவடி | 17 நவம்பர், இரவு 11.30

கறுப்புக்காப்பி அவசரப்படுகிறார். ஆறு இல்லை, ஆனால் கணிசம்தான்.

முதலில் பெற்றோர் பெயர். எப்பிபானியுஸ், நோன்னா இருவரும் வேறொரு நிக்கோலாஸின் பெற்றோர். மீராவுக்கு அருகே மலையில் சீயோன் என்றொரு துறவு மடம் இருந்தது. அதன் தலைவர் பெயரும் நிக்கோலாஸ். பிற்பாடு பினாரா என்ற ஊருக்கு ஆயராகி 564 டிசம்பர் 10 அன்று இறந்தவர். அவருடைய வரலாற்றை அவர் காலத்துக்கு மிக நெருக்கமாக, ஊர்ப் பெயர், ஆள் பெயர் விடாமல் யாரோ எழுதி வைத்துவிட்டார்கள். மீராவின் பழைய ஆயருக்கோ அப்படி எழுதுபவர் அமையவில்லை. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் புனிதர் வரலாறு எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? ஒரே பெயர், ஒரே வட்டாரம், நினைவு நாளிலும் நான்கே நாள் வித்தியாசம். பின்னவர் வரலாற்றிலிருந்து பெற்றோரையும் புனித நாட்டுக் கடற்பயணத்தையும் எடுத்து முன்னவருக்குப் போட்டுவிட்டார்கள். இலக்கிய உலகில் நமக்கு இது புதிதில்லை. எத்தனை ஒளவையார், எத்தனை நக்கீரர் என்று நாமே இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சீயோன் மடம் கற்பனை இல்லை. அதன் பெயர் பொறித்த வெள்ளிப் பாத்திரங்கள் 1963இல் கும்லுஜா என்ற ஊரில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. ஒரு பகுதி இன்று வாஷிங்டனில், மறுபகுதி துருக்கியின் அந்தால்யா அருங்காட்சியகத்தில்.

270, 343 என்ற ஆண்டுகள் மரபு வழங்குபவை. "மரபின்படி" என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். டிசம்பர் 6 என்ற நாள் உறுதியானது. பழைய யூலியன் நாள்காட்டியைப் பின்பற்றும் கிழக்குச் சபைகளில் அது இப்போது டிசம்பர் 19இல் வருகிறது.

மற்றவை நாளை. கண் எரிகிறது.

பாளையங்கோட்டைக்காரி | 18 நவம்பர், காலை 6.15

நெய்தல்வாசி தம்பி, நான் சி.எஸ்.ஐ. சபை. எங்களுக்குப் புனிதர் வணக்கம் கிடையாது. ஆனாலும் இந்த ஊர்கள் எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். பழைய தமிழ் வேதாகமத்தில் அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பவுலைக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகும்போது கப்பல் மாறுகிற ஊர் லீசியா நாட்டு மீறா. வல்லின றகரம் போட்டிருக்கும். இத்தாலிக்குப் போகிற அலெக்சந்திரியா கப்பலை நூற்றுக்கு அதிபதி அங்கேதான் பிடிக்கிறான். பத்தாராவும் 21ஆம் அதிகாரத்தில் வருகிறது, அதுவும் கப்பல் மாறுகிற இடம்தான். ஞாயிறு பள்ளியில் பவுலின் பயண வரைபடத்தில் இந்த இரண்டு ஊருக்கும் புள்ளி வைத்து நூல் ஒட்டியவள் நான். அந்தப் புள்ளியில் கிறிஸ்துமஸ் தாத்தா பிறந்தார் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை!

அந்தக் கப்பலில் ஏற்றியிருந்தது கோதுமை. புயலில் அதைக் கடலில் கொட்டுவதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது.

ஓலைச்சுவடி | 18 நவம்பர், காலை 8.50

அக்கா, நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன கோதுமை இந்தக் கதையின் அடித்தளம். எகிப்தின் கோதுமைதான் முதலில் ரோமுக்கும் பிறகு கான்ஸ்டான்டினோப்பிளுக்கும் சோறு போட்டது. அந்தக் கப்பல்கள் காற்றுக்கும் தண்ணீருக்கும் ஒதுங்கிய துறைகளில் ஒன்று மீராவின் துறைமுகமான ஆண்டிரியாக்கே. பேரரசர் ஹாட்ரியன் காலத்துத் தானியக் களஞ்சியம் இன்றும் அங்கே நிற்கிறது. அதையே அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள்.

நிக்கோலாஸ் கதைகளில் ஒன்று இந்தத் துறையிலேயே நடக்கிறது. ஊரில் பஞ்சம். தலைநகருக்குப் போகும் தானியக் கப்பல்கள் துறையில் நிற்கின்றன. ஆயர் போய்க் கப்பலுக்கு நூறு அளவை வீதம் கேட்கிறார். மாலுமிகள் நடுங்குகிறார்கள்: அரசாங்கச் சரக்கு, அலெக்சாண்டிரியாவில் அளந்து ஏற்றியது, அங்கே போய் அளந்து காட்ட வேண்டும், குறைந்தால் தலை போகும். "கொடுங்கள், குறையாது" என்கிறார். போய் அளந்தால் குறையவில்லை. அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அளவைக்குப் பயப்படும் அந்த மாலுமியின் பயம் துறைமுக ஊர்க்காரனுக்குத் தெரிந்த பயம். நிக்கோலாஸ் முதலில் கடலோடிகளின் புனிதராக ஆனது இப்படித்தான். குழந்தைகள் பிறகு வந்தார்கள்.

நெய்தல்வாசி | 18 நவம்பர், பகல் 1.20

கடலோடிகளின் புனிதர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. என் மச்சான் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் இத்தாலியின் பாரி துறைமுகத்தில் கப்பல் நின்றபோது ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி வாங்கி வந்தார். உள்ளே தண்ணீர், வெளியே நிக்கோலாஸ் படம். கையில் ஒரு புத்தகம், புத்தகத்தின்மேல் மூன்று மஞ்சள் உருண்டை. என் மகள் அதை மூன்று லட்டு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள். மீராவின் ஆயருக்கு இத்தாலியில் என்ன வேலை? அந்த உருண்டைகள் என்ன?

கறுப்புக்காப்பி | 18 நவம்பர், பகல் 2.00

வேலை ஒன்றுமில்லை, திருடிக்கொண்டு போனார்கள். 1087இல் பாரி ஊர் மாலுமிகள் மீரா கோயிலுக்குள் புகுந்து கல்லறையை உடைத்து எலும்புகளை அள்ளிச் சென்றார்கள். மே 9 அன்று ஊர் திரும்பியபோது பாரி விழா கொண்டாடியது, இன்றும் கொண்டாடுகிறது. 1071 மன்சிகர்ட் போருக்குப் பின் அந்த வட்டாரம் துருக்கியர் கைக்குப் போய்க்கொண்டிருந்ததால் "காப்பாற்றினோம்" என்று சொல்லிக்கொண்டார்கள். சிலை கடத்துபவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். அதே நோக்கத்தோடு வெனிஸ்காரர்களும் கிளம்பியிருந்தார்கள். பாரிக்காரர்கள் முந்திக்கொண்டதால் அவர்கள் 1100 வாக்கில் போய் மிச்சமிருந்ததைச் சுரண்டிக்கொண்டு வந்தார்கள்.

எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். இவர் எழுதியதாக ஒரு வரி இல்லை. இவர் காலத்தவர் இவரைப் பற்றி எழுதியதாகவும் ஒரு வரி இல்லை. காசு போட்ட கதையோ இவருக்கு முன்பே வேறொருவர் பேரில் இருக்கிறது: தியானாவின் அப்பொல்லோனியுஸ் என்ற கிரேக்க ஞானி, நான்கு பெண்களைப் பெற்று வரதட்சிணைக்கு வழியின்றி நின்ற தகப்பனுக்குப் புதையல் கிடைக்கச் செய்தார் என்று பிலோஸ்திராத்துஸ் 3ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். ஆளே இல்லாமல் கதை மட்டும் வளர்ந்திருக்கலாம் அல்லவா? இதை நம்பி ஒரு பங்கு இதழில் எழுதுவதும், அதைப் படித்துப் பிள்ளைகள் தலையாட்டுவதும்...

நெறியாளர் | 18 நவம்பர், மாலை 4.10

கறுப்புக்காப்பி, பிள்ளைகள் தலையை விட்டுவிடுங்கள். வரலாற்றோடு நில்லுங்கள்.

ஓலைச்சுவடி | 18 நவம்பர், இரவு 11.10

சந்தேகம் நியாயமானது, முடிவு நியாயமில்லை. எழுத்துச் சான்று இல்லாத நிலையில் வேறு தடயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பெயர். 4ஆம் நூற்றாண்டுக்கு முன் நிக்கோலாஸ் என்ற பெயர் லீசியாவில் அரிது. 6ஆம் நூற்றாண்டில் அதே வட்டாரத்தில் பார்த்தால் எங்கும் நிக்கோலாஸ். சீயோன் மடத்தலைவருக்கு அந்தப் பெயர், அவருடைய பெரியவர் ஒருவருக்கும் அந்தப் பெயர். சவேரியார் கோயில் இருக்கும் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு சேவியர் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். இரண்டு, கல்லறை. சீயோன் மடத்தலைவரின் வரலாற்றிலேயே மீராவில் புனித நிக்கோலாஸின் கல்லறைக் கோயில் குறிப்பிடப்படுகிறது. மூன்று, அதே நூற்றாண்டில் பேரரசர் யுஸ்தினியன் கான்ஸ்டான்டினோப்பிளில் நிக்கோலாஸ் பெயரில் கோயில் எழுப்பியதை அவர் காலத்து வரலாற்றாசிரியர் புரோகோப்பியுஸ் எழுதியிருக்கிறார். ஆளே இல்லாமல் இவ்வளவு நடக்காது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் இருந்தார் என்பதே எளிய விளக்கம்.

இனி நெய்தல்வாசிக்கு. நீங்கள் எல்லோரும் காசு போட்ட கதையிலிருந்து தொடங்குகிறீர்கள். அது எழுத்தில் வருவது 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மிக்கேல் என்ற துறவி எழுதிய வரலாற்றில். அதாவது ஆயர் இறந்து சுமார் ஐந்நூறு ஆண்டு கழித்து. நமக்குக் கிடைப்பதிலேயே மிகப் பழைய நிக்கோலாஸ் கதை வேறு, அதில் பரிசும் இல்லை, குழந்தையும் இல்லை. வாள் இருக்கிறது.

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆட்சிக் காலம். நெப்போத்தியன், உர்சுஸ், ஹெர்பிலியோன் என்று மூன்று படைத்தலைவர்கள் ஒரு கலகத்தை அடக்கப் போகும் வழியில் ஆண்டிரியாக்கேயில் ஒதுங்குகிறார்கள். சிப்பாய்கள் சந்தையில் புகுந்து வம்பு செய்கிறார்கள். ஆயர் துறைக்கு வந்து சமாதானம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஊரிலிருந்து ஆள் ஓடி வருகிறான்: ஆளுநர் லஞ்சம் வாங்கிக்கொண்டு குற்றமற்ற மூன்று பேருக்கு மரண தண்டனை கொடுத்துவிட்டான், நீங்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்துத் தலையை வெட்டப் போகிறார்கள். ஆயர் ஓடுகிறார். வழியெல்லாம் விசாரித்துக்கொண்டே ஓடுகிறார். கொலைக்களத்தில் மூவரும் கண் கட்டப்பட்டு மண்டியிட்டிருக்க, ஓங்கிய வாளை அவர் பிடுங்கி எறிகிறார். பிறகு ஆளுநர் வீட்டுக் கதவை மோதித் திறந்துகொண்டு போய் முகத்துக்கு நேரே கேட்கிறார்.

இதைக் கண்ணால் பார்த்த படைத்தலைவர்கள் தலைநகர் திரும்பியதும் அவர்கள்மீதே பொய்க் குற்றச்சாட்டு, சிறை, மறுநாள் மரணம். அப்போதுதான் நெப்போத்தியனுக்கு மீராவின் கிழவர் நினைவு வருகிறது. அன்றிரவு நிக்கோலாஸ் பேரரசர் கனவில் போய் மிரட்டுகிறார். மந்திரி அப்லாபியுஸ் கனவிலும் போகிறார். மூவரும் விடுதலை. கவனியுங்கள், பேரரசர் அவர்கள் கையில் பொன் பாத்திரங்களையும் நற்செய்தி நூலையும் கொடுத்து மீராவுக்கு அனுப்புகிறார். ஆகப் பழைய கதையில் நிக்கோலாஸ் பரிசு வாங்குகிறார், கொடுக்கவில்லை.

6ஆம் நூற்றாண்டின் இறுதியில் எவுஸ்திராத்தியுஸ் என்ற கான்ஸ்டான்டினோப்பிள் குரு இதை மேற்கோள் காட்டுகிறார் என்பதால் கதை அதற்கும் முந்தியது. கறுப்புக்காப்பிக்காக ஒரு துணுக்கு: அப்லாபியுஸ் உண்மையான ஆள், கான்ஸ்டன்டைனின் கிழக்குப் பகுதி நிர்வாகத் தலைவர், 331இல் ரோமின் கான்சல் என்ற உயர் பதவியில் இருந்தவர். 336ஆம் ஆண்டுக் கான்சல்களில் ஒருவர் பெயர் நெப்போத்தியன், 338இல் ஒருவர் உர்சுஸ். கதை எழுதியவர் சரியான காலத்துப் பெயர்களைத்தான் பிடித்திருக்கிறார்.

கறுப்புக்காப்பி | 19 நவம்பர், காலை 7.30

கான்சல் பட்டியல் நான் எதிர்பாராதது. பாதி வாபஸ். கனவு கனவாகவே இருக்கட்டும்.

நெய்தல்வாசி | 19 நவம்பர், காலை 9.15

ஐயா, வாள் பிடுங்கிய கதையை நான் கேள்விப்பட்டதே இல்லை. இருபது ஆண்டு மறைக்கல்வி எடுக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. அப்படியானால் காசு போட்டதை விட்டுவிடவா? அதை விட்டால் தாத்தாவே இல்லையே.

பாளையங்கோட்டைக்காரி | 19 நவம்பர், காலை 10.40

விடாதே தம்பி. ஆனால் ஒழுங்காகச் சொல். அது வரதட்சிணைக் கதை என்பதை எல்லோரும் பூசி மெழுகிவிடுகிறார்கள். அந்தத் தகப்பன் பிறவி ஏழை இல்லை, நொடித்துப் போனவன். சீர் கொடுக்க வழியில்லாமல், பெண்களை விலைமாதர் தொழிலுக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்தவன். பங்கு இதழில் அந்த வரியை யாரும் போடுவதில்லை. அதைப் போடாவிட்டால் இரவோடு இரவாகப் போய்ப் பொன்னைப் போட வேண்டிய அவசரம் ஏன் என்று யாருக்கும் புரியாது. எத்தனை வீட்டில் இந்தப் பேச்சு வேறு விதமாக நடக்கிறது என்று நமக்குத் தெரியாததா.

ஓலைச்சுவடி | 19 நவம்பர், பகல் 12.05

அக்கா சொன்னதற்கு மேல் இரண்டே திருத்தம். புகைபோக்கி பழைய பிரதியில் இல்லை. ஜன்னல்தான். காலுறை அதற்கும் பிந்தியது. நிக்கோலாஸ் பொன்னைத் துணியில் முடிந்து இரவில் ஜன்னல் வழியே எறிகிறார். மூத்தவளுக்குத் திருமணம் நடக்கிறது. மறுபடி ஓர் இரவு, இரண்டாமவள். மூன்றாம் முறை தகப்பன் தூங்காமல் காத்திருந்து, முடிச்சு விழுந்த சத்தம் கேட்டதும் வெளியே ஓடிப் பிடித்துவிடுகிறான். காலில் விழுகிறான். "நான் உயிரோடு இருக்கும்வரை யாரிடமும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கிக்கொள்கிறார். மணியடித்துக்கொண்டு, டிரம் முழங்க வீடு வீடாக வரும் நம் தாத்தாவை அவர் பார்த்தால் என்ன நினைப்பாரோ.

குப்பியில் இருப்பது லட்டு இல்லை, அந்த மூன்று பொன் முடிச்சு. ஓவியர்கள் வரைந்து வரைந்து உருண்டையாகிவிட்டது. ஐரோப்பாவில் அடகுக் கடை வாசலில் தொங்கும் மூன்று உருண்டைக்கும் இதையே மூலமாகச் சொல்பவர்கள் உண்டு. குப்பித் தண்ணீர் பாரியில் அவர் கல்லறைக்குள் ஊறுவது. "மன்னா" என்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மே 9 அன்று எடுத்து, வேறு நீரில் கலந்து குப்பிகளில் கொடுக்கிறார்கள்.

வெள்ளையங்கி | 19 நவம்பர், இரவு 8.45

உடற்கூறியல் கற்பிப்பவன் என்பதால் எலும்பைப் பற்றி மட்டும்.

1953இல் பாரி கோயிலில் பழுதுபார்க்கும் பணி தொடங்கியபோது கல்லறையைத் திறக்க வேண்டியிருந்தது. லூய்ஜி மார்ட்டினோ என்ற உடற்கூறியல் பேராசிரியர் எலும்புகளை அளந்தார். முதிய ஆண், மூக்கெலும்பு வெகுவாக உடைந்து கோணலாக ஆறியிருந்தது. 1992இல் அவரே வெனிஸ் எலும்புத் துண்டுகளையும் பார்த்து, பாரியில் இல்லாதவையே இங்கே இருக்கின்றன, ஒரே ஆளுடையவை என்றார். இரண்டு ஊர்களும் பல நூற்றாண்டுகளாக "எங்களிடம் இருப்பதுதான் அசல்" என்று சண்டை போட்டது வீண். பாரிக்காரர்கள் அவசரத்தில் பெரிய எலும்புகளை எடுத்திருக்கிறார்கள், வெனிஸுக்கு மிஞ்சியது நொறுங்கல்.

2017இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார், அமெரிக்காவில் ஒரு குருவிடம் இருந்த இடுப்பெலும்புத் துண்டைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தினார்கள். 4ஆம் நூற்றாண்டு என்று வந்தது. நிக்கோலாஸ்தான் என்று இது நிரூபிக்காது. இடைக்காலப் போலி இல்லை என்பதை மட்டும் காட்டும். வேறு எத்தனையோ புனிதர்களின் எலும்புகள் இந்தச் சோதனையைத் தாண்டுவதில்லை என்பதால் இதுவே பெரிய செய்தி.

மூக்கு எப்படி உடைந்தது என்று எலும்பு சொல்லாது. சிலர், கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய பேரரசர் தியோகிளேசியன் காலத்துச் சிறைச் சித்திரவதை என்கிறார்கள்.

கறுப்புக்காப்பி | 19 நவம்பர், இரவு 9.02

ஆரியுஸ் திருப்பி அறைந்திருப்பார்.

நெறியாளர் | 19 நவம்பர், இரவு 9.20

சிரித்துவிட்டேன், ஆனாலும் அடுத்த முறை எச்சரிக்கை.

ஓலைச்சுவடி | 19 நவம்பர், இரவு 11.45

சிரிப்பு இருக்கட்டும், அந்த அறையை இதழிலிருந்து எடுத்துவிட வேண்டும். நீசேயாவில் கலந்துகொண்ட ஆயர்களின் பெயர்ப் பட்டியல் பல படிகளாகக் கிடைக்கிறது. பெரும்பாலானவற்றில் நிக்கோலாஸ் இல்லை. 6ஆம் நூற்றாண்டில் தியோடோர் என்பவர் தந்த பட்டியலில் இருக்கிறது. சங்கத்துக்கு நேரிலேயே போய்வந்த அத்தனாசியுஸ் தம் நூல்களில் எங்கும் இவர் பெயரைச் சொல்லவில்லை. ஆகவே "கலந்துகொண்டிருக்கலாம்" என்பதற்கு மேல் போக முடியாது. அறை வருவதோ 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பேத்ரூஸ் தே நத்தாலிபுஸ் என்ற வெனிஸ் வட்டார ஆயர் எழுதிய புனிதர் வரலாற்றில். அங்கேயும் அடி வாங்குபவர் பெயரில்லாத ஓர் ஆரியக் கொள்கையாளர் மட்டுமே. (குழம்ப வேண்டாம், ஆரியுஸைப் பின்பற்றியவர்கள், நம் ஊர் ஆரியர், திராவிடர் வழக்கு இதில் இல்லை.) கன்னம் ஆரியுஸின் கன்னமாவது இன்னும் பிந்தி. ஆயிரம் ஆண்டு கழித்துக் கேட்ட அறை!

1969 விஷயமும் தவறு. நாள்காட்டியைச் சீர்திருத்தியபோது டிசம்பர் 6 விருப்ப நினைவாக ஆனது, அவ்வளவுதான். பட்டியலிலிருந்து யாரும் நீக்கவில்லை. உங்கள் பங்கிலேயே திருவழிபாட்டு நாள்காட்டி தொங்கும், டிசம்பர் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

தாழ்நிலத்தான் | 20 நவம்பர், அதிகாலை 3.30

இந்த இழையை இன்றுதான் கண்டேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து ரோட்டர்டாமில் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறேன். ஊரில் நாங்கள் நத்தார் தாத்தா என்போம். இங்கே வந்த முதல் ஆண்டு டிசம்பர் 5 இரவு, நத்தாருக்கு மூன்று கிழமை இருக்கும்போதே பரிசு எல்லாம் முடிந்துவிட்டதைப் பார்த்துத் திகைத்தேன். இங்கே சின்டர்கிளாஸ்தான் பெரியவர். கிறிஸ்துமஸ் தாத்தா பின்னால் வந்த விருந்தாளி.

சின்டர்கிளாஸ் தொப்பை வைத்தவர் அல்லர். ஒல்லியான கிழவர், தலையில் ஆயரின் உயரத் தொப்பி, கையில் செங்கோல். அவர் இன்னும் ஆயராகவே வேலை பார்க்கிறார்! நவம்பர் நடுவில் நீராவிக் கப்பலில் வந்து இறங்குவார். பிள்ளைகள் இரவில் சப்பாத்தை அடுப்படியில் வைத்து, அதற்குள் அவருடைய வெள்ளைக் குதிரைக்கு ஒரு கரட் வைப்பார்கள். என் மகன் சின்னவனாக இருந்தபோது கரட்டின் ஒரு முனையை நான் கடித்துவிட்டு மிச்சத்தை வாசலில் போடுவேன், குதிரை தின்றதற்குச் சாட்சியாக. காலையில் சப்பாத்துக்குள் அவன் பெயரின் முதலெழுத்தில் ஒரு சாக்லேட். அந்த எழுத்துகள் எல்லாம் ஒரே நிறை என்று பெட்டியில் அச்சடித்திருந்தாலும் 'I' எழுத்துக்காரப் பிள்ளைகள் நம்புவதில்லை.

கப்பல் ஸ்பெயினிலிருந்து வருவதாகக் கதை. துருக்கிக்காரர் எப்படி ஸ்பெயினிலிருந்து வருகிறார் என்று கேட்டால், எலும்பு இருக்கும் பாரி நேப்பிள்ஸ் அரசோடு சேர்த்து நெடுங்காலம் ஸ்பெயின் முடியின் கீழ் இருந்ததால் என்று விளக்கம் சொல்வார்கள். நீராவிக் கப்பல் 1850இல் யான் ஸ்கெங்க்மன் என்ற ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் எழுதிய சிறுவர் படப் புத்தகத்தில் ஏறியது. கறுப்பு வேலைக்காரனும் அதே புத்தகத்தில்தான். 'கறுப்புப் பீட்' என்பது பிறகு அவனுக்கு நிலைத்த பெயர். வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, சுருட்டை முடி வைத்து, மிட்டாய் எறிந்து கோமாளித்தனம் செய்வார்கள். என் மகனை வகுப்பில் ஒரு பிள்ளை அந்தப் பெயரால் கூப்பிட்ட நாளிலிருந்து எனக்கு அந்த ஊர்வலம் இனிக்கவில்லை. 2010களில் பெரிய போராட்டங்கள் நடந்த பிறகு பல நகரங்களில் கன்னத்தில் புகைக்கரி தீற்றிக்கொள்வதோடு நிறுத்திவிட்டார்கள். இன்னும் சண்டை ஓயவில்லை. வாளைப் பிடுங்கியவர் பக்கத்தில் அப்படி ஒரு வேலைக்காரனை நிறுத்தியது யார் புத்தியோ.

பாளையங்கோட்டைக்காரி | 20 நவம்பர், காலை 6.05

மகனை அப்படிக் கூப்பிட்டது மனதை உறுத்துகிறது தம்பி.

ஒன்று கேட்க வேண்டும். கடலோடிகளின் ஆயர் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பவராக எப்போது ஆனார்? அந்த இடம்தான் எனக்குப் புரியவில்லை.

ஓலைச்சுவடி | 20 நவம்பர், காலை 9.30

எலும்பு பாரிக்குப் போன பிறகு, அக்கா. 1087க்கு முன்பே மேற்கில் அவரைத் தெரியும், பின்னர்தான் வெள்ளமாகப் பரவினார். 12ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒரு கொடூரமான கதை முளைக்கிறது: பஞ்ச காலத்தில் மூன்று சிறுவர்களை ஒருவன் வெட்டி உப்புத் தொட்டியில் போட்டுவிட, நிக்கோலாஸ் வந்து உயிர்ப்பிக்கிறார். கிரேக்க மரபில் இது கிடையாது. கோபுரச் சிறையில் இருக்கும் மூன்று படைத்தலைவர்களின் படத்தில் ஆயர் பெரிதாகவும் அவர்கள் சிறிதாகவும் வரையப்பட்டிருக்கும். அதைப் பார்த்தவர்கள் தொட்டியில் மூன்று பிள்ளைகள் என்று புரிந்துகொண்டார்கள் என்பது ஒரு கருத்து. எனக்கு அது சரியாகவே படுகிறது. நெய்தல்வாசி வீட்டுப் பிள்ளை பொன் முடிச்சை லட்டு என்றாளே, அதே கதைதான்.

அதோடு பள்ளி மாணவர்களின் புனிதர் ஆகிவிட்டார். பேராலயப் பள்ளிகளில் டிசம்பர் 6 அன்று ஒரு சிறுவனை ஆயராக வேடம் கட்டி உட்காரவைக்கும் வழக்கம் இருந்தது. அன்று பிள்ளைகளுக்குத் தின்பண்டம், பரிசு.

கறுப்புக்காப்பி | 20 நவம்பர், காலை 10.10

பிறகு நடந்ததை நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அமெரிக்கப் பகுதி எனக்குப் பிடித்தது. மார்ட்டின் லூத்தர் வழி வந்தவர்கள் புனிதர் வேண்டாம் என்று பரிசைக் குழந்தை இயேசுவிடம் ஒப்படைத்தார்கள், நாளும் டிசம்பர் 24க்குத் தள்ளியது. நெதர்லாந்து மட்டும் நிக்கோலாஸை விடவில்லை. நியூயார்க்கில் ஜான் பின்டார்ட் என்ற வணிகர் 1810 டிசம்பர் 6 அன்று வரலாற்றுக் கழகத்தில் நிக்கோலாஸ் விருந்து நடத்தி அவரை ஊரின் காவலராக்கினார். 1823 டிசம்பர் 23 அன்று ட்ராய் நகரச் செய்தித்தாளில் பெயரில்லாமல் ஒரு கவிதை வந்தது. மான் வண்டி, புகைபோக்கி, குலுங்கும் தொப்பை எல்லாம் அதில்தான் ஒன்றுசேர்ந்தன. 1863 முதல் தாமஸ் நாஸ்ட் பத்திரிகையில் வரைந்து தள்ளினார். கோகோ கோலாவின் ஓவியர் சன்ட்ப்ளோம் வருவது 1931இல். அதற்கு முன்பே அஞ்சலட்டைகளில் சிவப்புச் சட்டைத் தாத்தா இருக்கிறார். நிறுவனம் நிறத்தைக் கொடுக்கவில்லை, உலகம் முழுக்கக் கொண்டுபோய் ஒட்டியது.

பிறந்த மண்ணுக்கும் ஒட்டினார்கள். மீராவின் இன்றைய பெயர் தெம்ரே, பசுமைக்குடில் தக்காளிக்குப் பெயர்போன ஊர். ரஷ்யர்கள் 2000இல் ஆயர் கோலத்தில் ஒரு வெண்கலச் சிலை கொடுத்தார்கள். 2005இல் நகராட்சி அதை நகர்த்திவிட்டு, சிவப்பு உடைத் தாத்தாவை பிளாஸ்டிக்கில் செய்து நிறுத்தியது. உள்ளூர்க்காரரை அவர் சொந்த ஊரிலேயே வெளியூர்க்காரர் ஆக்கிவிட்டார்கள்.

நெய்தல்வாசி | 22 நவம்பர், இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. முழுவதையும் கிழித்துவிட்டுத் திருப்பி எழுதினேன். கொலைக்களத்தில் வாள் ஓங்கியிருப்பதில் தொடங்குகிறேன். அடுத்து கோதுமைக் கப்பல், எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். பிறகு மூன்று இரவுகள். அக்கா சொன்ன வரியைப் போட்டிருக்கிறேன். நோன்னா, புகைபோக்கி, 1969, அறை எல்லாம் போயிற்று. நாளை பங்குத்தந்தையிடம் கொடுக்கிறேன்.

பாளையங்கோட்டைக்காரி | 23 நவம்பர், காலை 6.20

மீறா என்று வல்லின றகரம் போட்டாயா?

நெய்தல்வாசி | 23 நவம்பர், காலை 7.00

கத்தோலிக்க இதழ் அக்கா. இடையினம்தான்.

நெய்தல்வாசி | 1 டிசம்பர், இரவு 9.50

இதழ் வந்துவிட்டது. கல்லறைத் தோட்டச் சுவருக்கு நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியல் நீண்டுவிட்டதால் என் அரைப் பக்கம் ஐந்து வரியாகச் சுருங்கியிருக்கிறது. வாள் இல்லை, கப்பல் இல்லை, ஜன்னல் இருக்கிறது. நீசேயா சங்கத்தின் 1700ஆம் ஆண்டு நிறைவு இது, அதைச் சொல்லாமல் விடலாமா என்று என் பழைய பிரதியிலிருந்து ஒரு வரியை எடுத்துக் கடைசியில் சேர்த்திருக்கிறார்கள். "ஆரியுஸைக் கன்னத்தில் அறைந்தார்." கீழே என் பெயர், தடித்த எழுத்தில்.

கறுப்புக்காப்பி | 1 டிசம்பர், இரவு 9.58

ஆயிரத்து எழுநூறு ஆண்டு கழித்தும் கேட்கிறது பாருங்கள்.

ஓலைச்சுவடி | 1 டிசம்பர், இரவு 11.20

ஜனவரி இதழில் ஒரு திருத்தம் போடச் சொல்லலாமே.

நெய்தல்வாசி | 2 டிசம்பர், காலை 8.10

ஜனவரியில் வேறு புனிதர், எழுதுபவரும் வேறு ஆள் ஐயா. நேற்று மறைக்கல்வி வகுப்பில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் இதழைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், அடி வாங்கினவர் அழுதாரா?" என்று கேட்டான். ஏதாவது பட்டியலில் இருந்தால் சொல்லுங்கள்.